காட்பாடி கச்சேரி: பசங்களுக்கு வெறும் 25 நிமிஷம்தானா?

பாலாத்தங்கரை:

சனிக்கெழம ராத்திரி காட்பாடி பக்கம் திடல்ல நடந்த கச்சேரிக்கு இங்க யார் யார் போயிருந்தீங்க? நான் ஆறு மணிக்கே போய் மூணாவது வரிசைல எடம் புடிச்சிட்டேன். எம்எஸ்வி, இளையராஜா ரெண்டு பேர் பாட்டும்னு பேனர், வெளியூர்லேர்ந்து வந்த பெரிய மெல்லிசைக் குழு, அதுக்கு முன்னாடி நம்ம ஊர் காலேஜ் பசங்க குழு ஒண்ணு. நோட்டீஸ்ல பசங்க பேரு கீழ ஓரமா பொடி எழுத்துல இருந்துச்சு, கண்ணாடி போட்டுகினுதான் படிச்சேன்.

எனக்கு ரெண்டு நாளா மனசு ஆறலப்பா, அதான் எழுதறேன். அன்னிக்கு அந்த மேடைலேர்ந்து வந்த சத்தத்துல முழுக்க மனுஷன் கையாலயும் வாயாலயும் வந்தது அந்தப் பசங்களோட 25 நிமிஷம் மட்டும்தான். பெரிய குழு வந்தப்புறம் பாதி பாட்டுக்கு மேல முன்னாடியே பதிவு பண்ண ட்ராக் லேப்டாப்புல ஓடுது, ட்ரம்ஸ்காரர் குச்சிய தூக்கறதுக்கு முன்னாடியே ட்ரம்ஸ் வந்துடுது, வயலின் ஒருத்தர் கைலயும் இல்ல ஆனா முப்பது வயலின் கேக்குது. பாடினவங்க நல்லாதான் பாடினாங்க, அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்.

பசங்க கதை வேற. நாலு வயலின், ஒரு புல்லாங்குழல், ரெண்டு கிட்டார், தபேலா, கீபோர்டு, ஒரு பொண்ணு பாட்டு. நாலு வயலினுக்கு ரெண்டு மைக்கு. முதல் பாட்டு பாதி ஓடற வரைக்கும் வயலின் சத்தமே வரல, வில்லு மேலயும் கீழயும் போறது மட்டும் தெரியுது. சவுண்ட் செக்கு இவங்களுக்கு குடுக்கவே இல்லயாம், பெரிய குழு அஞ்சு மணிக்கு லேட்டா வந்து அவங்க செக்கே ஆறரை வரைக்கும் போச்சு. அஞ்சு பாட்டு ரெடி பண்ணிகினு வந்த பசங்கள நாலோட எறக்கிட்டாங்க.

இதைவிட எனக்கு தாங்காதது அப்பால நடந்ததுதான். பெரிய குழுவோட சேந்து ஒரு பாட்டு, இளைய நிலா, அதுக்கு நடுவுல வர்ற புல்லாங்குழல இந்தப் பையன் வாசிக்கறதா ஏற்பாடு. மேடைல ஏறினப்புறம் பாடறவரு திரும்பி கீபோர்டுகாரர்கிட்ட சுதிய ஒரு கட்டை எறக்கிக்கலாம்னு சொன்னாரு, கீபோர்டுகாரர் பட்டன ரெண்டு தட்டு தட்டினாரு, முடிஞ்சுது. பையன் கைல இருக்கறது மூங்கிலு, அதுல எங்க பட்டன் இருக்குது? ரெண்டு தடவ பையத் தொறந்து தேடினான், அப்பால குழல மடில வச்சிகினு உக்காந்துட்டான். அந்த எடம் வந்தப்ப கீபோர்டுல ஃப்ளூட் டோன் போட்டு வாசிச்சாங்க. ஜனங்க கைத்தட்டினாங்க, அவனும் தட்டினான்.

நானும் 80கள்ல, 90கள்ல இந்த ஜில்லா பூரா கீபோர்டு வாசிச்சவன்தான், அதான் இவ்ளோ உறைக்குது.

---

சத்துவாச்சாரி 78:

அண்ணே நானும் போயிருந்தேன். உங்க வருத்தம் புரியுது ஆனா கொஞ்சம் அந்தப் பக்கமும் பாக்கணும். ஜனங்க வந்தது எதுக்கு, ரெக்கார்டுல கேட்ட மாதிரியே கேக்கணும்னு. ஒரு வயலின் பிசிறினாக்கூட பக்கத்து சீட்காரன் போன எடுத்துடறான். முப்பது வயலின் வேணும்னா முப்பது பேருக்கு வண்டி, சோறு, சம்பளம் யாரு குடுப்பா? எங்க மாமா ஒருத்தர் குழு வச்சிருந்தாரு, முன்னெல்லாம் பதினஞ்சு பேரு வேன்ல போவாங்க, இப்ப ஆறு பேரு லேப்டாப்போட போறாங்க, ஏன்னா கூப்புடறவங்க குடுக்கற துட்டு அப்படியேதான் இருக்குது, டீசல் வெலை, லாட்ஜ் வாடகை எல்லாம் ஏறிப்போச்சு. ட்ராக் போடறது ஆசையால இல்லண்ணே, வயித்துக்கு.

பசங்களுக்கு சவுண்ட் செக்கு குடுக்காதது தப்புதான். அத ஒத்துக்கறேன்.

---

குடியாத்தம் பொண்ணு:

எனக்கு அன்னிக்கு பூரா மனசுல நிக்கறது அந்தப் பொண்ணு பாடின மல்லிகை என் மன்னன் மயங்கும்தான். வாணி ஜெயராம் அம்மா பொறந்தது நம்ம வேலூர்ல, 1945ல, அப்ப அவங்க பேரு கலைவாணி. இது எத்தன பேருக்கு தெரியும்னு தெரியல, என் கூட காலேஜ் படிச்சவங்களுக்கே தெரியாது. இந்தில 1971ல 'குட்டி'ங்கற படத்துல பேர் வாங்கிட்டு அப்பறமா 1974ல தீர்க்கசுமங்கலில எம்எஸ்வி இசைல இந்தப் பாட்டு, அதோட தமிழ்நாடே அவங்கள தூக்கி வச்சிகிச்சு, அடுத்த வருஷமே அபூர்வ ராகங்கள் பாட்டுக்கு தேசிய விருது. மொத்தம் மூணு தடவ வாங்கினாங்க. 2023 ஜனவரில பத்ம பூஷண் அறிவிச்சாங்க, பிப்ரவரி 4ஆம் தேதி போய்ட்டாங்க.

எம்எஸ்வி பாட்டுன்னு பேனர் போட்டு, அவரோட பாடி நம்ம ஊர்ல பொறந்த ஒரு பாடகியோட பாட்டு ஒண்ணுகூட பெரிய குழு லிஸ்ட்ல இல்ல. அத எடுத்து பாடினது இருவது வயசு கூட ஆகாத பொண்ணு, அதுவும் பாடறதுக்கு முன்னாடி "இவங்க நம்ம ஊர்க்காரங்க"ன்னு ஒரே வரி சொல்லிட்டு ஆரம்பிச்சுது. எனக்கு பின்னாடி உக்காந்திருந்த ஒரு பாட்டிம்மா "அட, அப்டியா"ன்னாங்க பாருங்க, அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

அண்ணே நீங்க சொன்ன மாதிரி வயலின் கேக்கல, ஆனா அந்தப் பாட்டுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி சரியாயிடுச்சு, திடீர்னு நாலு வயலினும் ஒண்ணா வந்தப்ப எனக்கு கை புல்லரிச்சிடுச்சு.

---

பொட்டி சர்வீஸ்:

வணக்கம். அந்தக் கச்சேரி நான் பண்ணல, வேற ஆளு, ஆனா பதினெட்டு வருஷமா இதே தொழில்தான் அதனால வயலின் ஏன் கேக்கலன்னு சொல்றேன்.

பாடற மைக்கு டைனமிக் மைக்கு, வாய்கிட்ட வச்சா எடுக்கும். அதையே வயலினுக்கு முன்னாடி ரெண்டடி தள்ளி ஸ்டாண்டுல வச்சா ஒண்ணும் எடுக்காது, வால்யூம ஏத்தினா பக்கத்துல இருக்கற தபேலாதான் ஏறும், இன்னும் ஏத்தினா கீச்சுனு கத்தும். வயலினுக்கு கண்டென்சர் மைக்கு வேணும், இல்லன்னா ஒவ்வொரு வயலின்லயும் பிக்கப் மாட்டணும். கண்டென்சருக்கு மிக்ஸர்லேர்ந்து 48 வோல்ட் பான்டம் பவர் போகணும், அந்த பட்டன போட மறந்துட்டாலும் மைக்கு செத்த மைக்குதான். ரெண்டாவது சரணத்துல திடீர்னு வந்துச்சுன்னு அக்கா சொல்றாங்கள்ல, யாரோ அந்த பட்டன அப்பதான் பாத்திருப்பாங்கன்னு நெனைக்கறேன்.

இதெல்லாம் சவுண்ட் செக்குல பத்து நிமிஷ வேலை. எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு, கடைசில வாசிக்கறவங்க மொதல்ல செக் பண்ணணும், மொதல்ல வாசிக்கறவங்க கடைசில செக் பண்ணணும், அப்பதான் மேடை அவங்களுக்கு செட் ஆகி அப்படியே நிக்கும், கச்சேரிய ஆரம்பிச்சிடலாம். பெரிய குழு லேட்டா வந்தா அடிபடறது எப்பவும் மொதல்ல வாசிக்கற சின்னப் பசங்கதான். இதுக்கு ஒரே வழி, பெரிய குழு மூணு மணிக்கு மேடைல இருக்கணும்னு அட்வான்ஸ் குடுக்கும்போதே எழுதி வாங்கிக்கணும்.

இன்னொண்ணு. பசங்களுக்கு மானிட்டர் பொட்டி வைக்கலன்னா அவங்க வாசிக்கறது அவங்களுக்கே கேக்காது. வயலினுக்கு கிட்டார் மாதிரி கட்டம் கெடயாது, காதுல கேட்டுத்தான் வெரல் வைக்கணும். கேக்காம நாலு பேரு ஒண்ணா சுதி சேந்து வாசிச்சாங்கன்னா அந்தப் பசங்க எவ்ளோ பிராக்டிஸ் பண்ணியிருக்கணும்னு நெனச்சுப் பாருங்க.

---

ஆற்காடு மக்கன்பேடா:

நான் வரல, தங்கச்சி வீடியோ அனுப்புச்சு. பசங்க சூப்பர்.

---

ஆறு குழல்:

வணக்கம் அங்கிள். அந்த ஃப்ளூட் பையன் நான்தான். ஃப்ரெண்டு லிங்க் அனுப்பினான். படிச்சிட்டு கொஞ்ச நேரம் என்ன எழுதறதுன்னே தெரியல, யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.

நடந்தது என்னன்னா எங்களுக்கு போன்ல 6 கட்டைன்னு சொன்னாங்க. நான் ஒரு மாசமா 6 கட்டைலதான் பிராக்டிஸ் பண்ணேன், பஸ்ல போகும்போதுகூட வெரல மட்டும் பேக் மேல வச்சு வாசிச்சுப் பாப்பேன். மேடைல 5 ஆயிடுச்சு. என்கிட்ட 5 கட்டை குழல் இருக்கு அங்கிள், ஆனா ஏப்ரல்ல வெடிச்சிடுச்சு. வீட்ல ஷீட்டு கூரை, மத்தியானம் உள்ளேயே அனல் அடிக்கும், பீரோ மேல வச்சிருந்தேன், சாயங்காலம் எடுத்தா வாய் ஓட்டைலேர்ந்து முடி மாதிரி ஒரு கோடு. நூல் இறுக்கி சுத்தி மேல ஃபெவிக்விக் விட்டு பாத்தேன், கீழ் ஸ்தாயி வருது, மேல போனா காத்துதான் வருது. அதான் கொண்டுவரல. பைல ரெண்டு தடவ தேடினேன்னு சொன்னீங்களே, இல்லன்னு தெரிஞ்சும்தான் தேடினேன்.

6 கட்டை குழல்லயே ஒரு கட்டை எறக்கி வாசிக்கலாம், ஆனா பாதி ஓட்டை பாதி ஓட்டையா மூடணும், அந்தப் பாட்டுல வர்ற வேகத்துக்கு சுத்தமா வராது. தப்பா வாசிச்சு அந்தப் பாட்டக் கெடுக்கறதுக்கு சும்மா உக்காரலாம்னு நான்தான் முடிவு பண்ணேன். அந்த அண்ணா மேல எனக்கு கோவம் இல்ல.

இன்னொரு விஷயம். வெயில் நாள்ல குழல் சூடாகி சுதி லேசா ஏறிடும். கீபோர்டு ஏறாது. அதனால கத்திரில சாயங்காலம் ஆறு மணிக்கு கச்சேரின்னா மேடைலயே பத்து நிமிஷம் கீபோர்டோட சேத்து ஊதிப் பாக்கணும். அதுக்குத்தான் எங்களுக்கு செக் வேணும்னு கேட்டோம்.

---

பாலாத்தங்கரை:

கண்ணு, நீ எழுதினதப் படிச்சு எனக்கு கண்ணு கலங்கிடுச்சுப்பா. தெரிஞ்சும் தேடினேன்னு சொன்ன பாத்தியா. வெடிச்ச குழல தூக்கிப் போடாத, என் கூட வாசிச்ச புல்லாங்குழல்காரர் வெடிச்ச குழலுக்கு உள்ள மெழுகு உருக்கி விட்டு வெளிய பட்டு நூல் சுத்தி வருஷக்கணக்கா வாசிச்சாரு. ஃபெவிக்விக் மட்டும் வேணாம். வெயில் காலத்துல வாரத்துக்கு ஒரு தடவ உள்ள லேசா நல்லெண்ணெ தடவி துணில சுத்தி தரைல வையி, பீரோ மேல வைக்காத.

சத்துவாச்சாரி தம்பிக்கு: நீ சொல்றது எனக்கும் தெரியும்பா, நானும் அந்த வேன்ல தூங்கினவன்தான். குடியாத்தம் சிரசு திருவிழாவுக்கு வைகாசி பொறந்தா போதும், ஒரு ராத்திரி ஒரு தெரு, அடுத்த ராத்திரி இன்னொரு தெரு, விடிய விடிய வாசிச்சிருக்கோம். நோட்டு எழுத எங்களுக்குத் தெரியாது, கேசட்ட போட்டு போட்டு நிறுத்தி நிறுத்தி காதால புடிப்போம், ஒரு பாட்டோட முன்னிசைக்கே மூணு நாள் ஆகும், டேப் ரெக்கார்டர் பட்டன் தேஞ்சுபோன வீடு எங்க வீடு. ஆனா அப்படி புடிச்சதாலதான் எனக்கு இன்னிக்கும் பேஸ் கிட்டார் எங்க எறங்குது, எங்க நிக்குதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்ல முடியுது. ட்ராக் வாங்கி ஓட்டறவங்களுக்கு அந்தப் பாட்டு உள்ள போகாது. அதுதான் என் வருத்தமே தவிர அவங்க வயித்துல அடிக்கணும்னு இல்ல.

யோசிச்சுப் பாரு, எஸ்பிபியே இன்ஜினியரிங் படிக்கற காலத்துல மேடைக் குழு வச்சு பாடிகினு இருந்தவரு, அந்தக் குழுல கிட்டாரும் ஹார்மோனியமும் வாசிச்சது இளையராஜா, கூட பாஸ்கர், கங்கை அமரன். அன்னக்கிளி 1976ல வர்றதுக்கு எவ்ளோ வருஷம் முன்னாடி அது! அடுத்தவங்க பாட்ட ஊர் ஊரா வாசிச்சு வாசிச்சுத்தான் அவங்க கை பழகிச்சு. நாம பாட்டு போட்டு கும்புடற ஆளுங்களே நம்மள மாதிரி குழுலேர்ந்து வந்தவங்கதான். அதனால அவங்க பேர்ல நடக்கற கச்சேரில காலேஜ் பசங்கள ஓரமா உக்கார வைக்கறது எனக்கு ஒப்பல. நடுவுல வையி, எட்டு மணிக்கு கூட்டம் நெறஞ்சப்புறம் வையி.

---

நோட்டு டீச்சர்:

நான் இந்தப் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறவங்கள்ல ஒருத்தி. எங்க பசங்க நாலு வயலின்ல ரெண்டு பேரு கர்நாடக சங்கீதம், கால மடக்கி உக்காந்து வாசிக்கறவங்க, ரெண்டு பேரு சர்ச் கொயர்லேர்ந்து வந்தவங்க, நின்னு ஸ்டாஃப் நொட்டேஷன், அதான் அஞ்சு கோட்டுல எழுதற வெஸ்டர்ன் நோட்டு, பாத்து வாசிக்கறவங்க. வயலின் சுதி சேக்கறதே ரெண்டு பேருக்கும் வேற. கர்நாடகத்துல ச-ப-ச-ப, வெஸ்டர்ன்ல ஜி டி ஏ ஈ. மொதல் ஒரு வாரம் சண்டை. அப்பறமா கர்நாடக பசங்க கமகத்த, அதான் சுரத்த அசைச்சு வாசிக்கறத, கொறச்சாங்க, கொயர் பசங்க வில்ல கொஞ்சம் இழுத்து வாசிக்கக் கத்துகிட்டாங்க, அது நடந்த அன்னிக்கு கிளாஸ்ல நான் ஒண்ணுமே சொல்லல, வெளிய போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

கடைல வாங்கறதுக்கு இந்தப் பாட்டுங்களுக்கு ஸ்கோர் எதுவும் எங்களுக்குக் கெடைக்கல. எல்லாம் நாங்க கேட்டு எழுதினது, ஒரு பக்கம் சரிகம, எதிர்ப்பக்கம் ஸ்டாஃப். வெட்டின அஞ்சாவது பாட்டு பருவமே. நெஞ்சத்தை கிள்ளாதே படம், 1980. ஓடறவங்க காலடிக்காக தொடைல தட்டற சத்தத்த வச்ச பாட்டு அது. எங்க தபேலா பையன் தபேலாவ ஓரம் வச்சிட்டு நாப்பது நாள் தொடையத் தட்டித் தட்டி செவந்துபோச்சு அவனுக்கு. அதுக்கு பொட்டி சர்வீஸ்காரர் சொன்ன அந்த கண்டென்சர் மைக்கு ஒண்ணு போதும். கடைசி வரைக்கும் வாசிக்க முடியலன்னு வேன்ல ஏறினப்பறம் வேன் சீட்டுல தட்டிகிட்டே வந்தான், மத்த எல்லாரும் பாடினாங்க. காட்பாடி பாலம் தாண்டற வரைக்கும்.

---

கோர்ட்டு ரோடு:

ரெண்டு தகவல், இந்த மாதிரி நிகழ்ச்சி நடத்தறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் தெறந்த வெளில ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ஆம் வருஷ விதி இருக்கு, வருஷத்துல 15 நாளுக்கு மிகாம 12 மணி வரைக்கும் அரசு விலக்கு குடுக்கலாம். அதனால ஆறு மணி கச்சேரி ஏழேகாலுக்கு ஆரம்பிச்சா நேரம் எங்கயாவது வெட்டியே ஆகணும், வெட்டு எங்க விழும்னு எல்லாரும் மேலயே சொல்லிட்டீங்க.

இன்னொண்ணு, சினிமா பாட்ட பொது மேடைல பாட லைசென்ஸ் வேணும். ஆனா 1957 காப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவுல, காலேஜ்ல மாணவர்களும் ஸ்டாஃபும் வாசிச்சு, கேக்கறவங்களும் அவங்களும் பெத்தவங்களும்தான்னா அது மீறல் ஆகாது. காசு வாங்காம ஜனங்களுக்கு அமெச்சூர் சங்கம் வாசிச்சாலும் அப்படித்தான். டிக்கெட் போட்டு வெளிய நடத்தினா கதை மாறிடும். பசங்கள வெளி மேடைல ஏத்தறவங்க இத மொதல்ல பாத்துகிட்டா நல்லது.

---

சத்துவாச்சாரி 78:

டீச்சரம்மா, தொடை தட்டின பையன் கதைய வீட்ல படிச்சு காமிச்சேன். அடுத்த தடவ பசங்க எங்க வாசிச்சாலும் சொல்லுங்க, குடும்பத்தோட வர்றேன். ட்ராக் விஷயத்துல என் கருத்து மாறல, ஆனா மேடைல பசங்க இருக்கும்போது அவங்க வாசிக்கற எடத்துல ட்ராக்க நிறுத்தணும், அதுல அண்ணன் சொல்றது சரி.

---

ராத்திரி பாட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அன்னிக்கு ஒரு கட்டை எறக்கச் சொன்னது நான்தான். எங்க கீபோர்டுகாரர் இந்த இழைய அனுப்பினாரு. மூணு தடவ படிச்சேன்.

அது எனக்கு தொடர்ச்சியா மூணாவது ராத்திரி. முந்தின நாள் ஆம்பூர் பக்கம், அதுக்கு முந்தி திருவண்ணாமலை. மேல போற எடத்துல தொண்டை பிடிக்கும்னு பயம் வந்துடுச்சு, எஸ்பிபி சார் பாட்ட ஜனங்க முன்னாடி ஒடைக்கக் கூடாதுன்னு மட்டும்தான் தோணுச்சு. தம்பி பின்னாடி குழலோட உக்காந்திருக்கறது ஞாபகம் இருந்திருந்தா அந்தப் பாட்டையே மாத்தியிருப்பேன். பாட்டு முடிஞ்சு திரும்பினப்ப தம்பி கைத்தட்டினத நான் பாத்தேன். ஏன் வாசிக்கலன்னு கேக்காம எறங்கிட்டேன், அது என் தப்பு. மன்னிச்சிக்கோ தம்பி.

ஆடி மாசம் உங்க ஊர் பக்கமே ரெண்டு கோயில்ல எங்களுக்கு கச்சேரி இருக்கு. எங்க ஓனர்கிட்ட பேசிட்டேன். அந்தப் பாட்டு ஒண்ணுக்கு ட்ராக் வேணாம், நம்ம கைதான். டீச்சரம்மா அனுமதி குடுத்தா கிட்டார் தம்பி, வயலின் புள்ளைங்க, தொடை தட்டற தம்பி எல்லாரும் வரட்டும். மூணு மணிக்கு செக், நானும் மூணு மணிக்கு இருப்பேன். ஆனா உண்மைய சொல்லிடறேன், ராத்திரி ஒம்போதுக்கு மேல எனக்கு 6 வராது.

---

ஆறு குழல்:

அண்ணா நீங்க மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. அஞ்சரை வருமா? அஞ்சரைக்கு என்கிட்ட நல்ல குழல் இருக்கு.

---

ராத்திரி பாட்டுக்காரன்:

அஞ்சரை தாராளமா வரும். கிட்டார் தம்பிக்கு?

---

நோட்டு டீச்சர்:

அவன் 5 கட்டைக்கு புடிக்கற மாதிரியே புடிச்சு முதல் ஃப்ரெட்ல கேபோ, அதான் எல்லா கம்பியையும் அழுத்தற கிளிப்பு, மாட்டிகிட்டா அஞ்சரை ஆயிடும், பக்கத்துலதான் இருக்கான், தலையாட்டறான். வயலினுக்கு இன்னிக்கு ராத்திரியே நான் மாத்தி எழுதிடறேன். ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு பிராக்டிஸ்.

---

பாலாத்தங்கரை:

கண்ணு, ஞாயித்துக்கெழம நானும் வர்றேன். அந்த 5 கட்டைய எடுத்துகினு வா, மெழுகும் நூலும் நான் கொண்டாரேன்.